ஆள் குறைந்த பானைகள்

எங்கள் கீழவெண்குடியில் அந்த வருஷத்துத் தைப்பொங்கலன்று பால் பொங்கவில்லை. சூரியன் கண்மாய்க் கரைக்கு மேலே இரண்டு பனை உயரம் ஏறி, கோலம் போட்ட வாசல்களில் எல்லாம் சீமைக்கருவேல விறகு நின்று எரிந்து, பானைக் கழுத்தில் கட்டின மஞ்சள்கொத்து அனலில் வாடித் தொங்கி, குலவையிடக் காத்திருந்த பெண்களுக்கு நாக்கு உலர்ந்துபோன பிறகும், பால் உள்ளேயே கொதித்துக்கொண்டிருந்ததே தவிர விளிம்புக்கு வரவில்லை. குமிழியிட்டது, சுழன்றது, ஆவி விட்டது. ஒரு விரற்கடை ஏறும், வாசலில் யாரையோ எட்டிப் பார்க்கும், இறங்கிவிடும். வற்றவும் இல்லை, தீயவும் இல்லை. எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் கிடையாது, எரிச்சல்தான். மழை பெய்யாத வருஷம், மிளகாய் மண்ணோடு போன வருஷம் என்று எத்தனையோ பார்த்த ஊர், பால் பொங்காத வருஷமும் ஒன்று வந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தோம். ஆனால் பால் பொங்கி வழியாமல் அரிசி போடக்கூடாது, அரிசி வெந்து சூரியனுக்குப் படைக்காமல் யாரும் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவிடக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள்.

எல்லா வீட்டிலும் இப்படி இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்தது. நாற்பத்தெட்டு வீட்டில் பதினாறு வீடுகளில் வழக்கம்போல் பொங்கி, குலவை போட்டு, அரிசியும் போட்டாகிவிட்டது. மீதி முப்பத்திரண்டு வீடுகளில்தான் இந்தக் கூத்து. முதலில் விறகைச் சந்தேகப்பட்டோம், பிறகு பாலை, பிறகு பால்காரனை. கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தவர் ரேஷன் கடையில் எடை போடும் சந்தானம். எந்த வீட்டுக் கார்டில் எத்தனை பெயர் என்பது அவருக்கு மனப்பாடம். தெருவில் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, பிள்ளையார் கோயில் முன்னால் நின்று சொன்னார்.

"கார்டுல உள்ள பேரு அம்புட்டும் வீட்டுல இருந்தா பொங்கிருச்சு. ஒரு ஆளு குறைஞ்சாலும் பொங்கலைப்பா. பாலு ஆளு பாக்குது."

சரியாகத்தான் இருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் லீவு கிடைக்காத பெண், எல்லையில் காவல் நிற்கும் பையன், கேரளாவில் டீக்கடையில் நிற்பவன், சென்னையில் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று உட்கார்ந்திருப்பவள் என்று முப்பத்திரண்டு வீட்டிலும் ஆள் குறைவு. செத்துப்போனவர்களுக்காக மட்டும் பால் காத்திருக்கவில்லை. அந்த விஷயத்தில் அது நியாயமாகத்தான் நடந்துகொண்டது.

அப்போதைக்கு எங்களுக்குத் தெரிந்து சந்தானத்தின் கணக்குக்கு ஒரே ஒரு வீடுதான் ஒத்துவரவில்லை. முன்னாள் பிரசிடெண்ட் வீட்டு மூத்த மகன் சிங்கப்பூர் போய்ப் பன்னிரண்டு வருஷம், கார்டில் பெயர் இருக்கிறது, ஆனாலும் அந்த வீட்டில் முதல் ஆளாகப் பால் பொங்கி வழிந்துவிட்டது. மகிழ்ந்து குலவை போட்டவர்கள், விஷயம் தெரிந்ததும் அவசர அவசரமாக வழிந்த பாலைச் சாணி போட்டு மெழுகி, கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிரசிடெண்டின் மனைவி மட்டும் உள்ளே போகாமல் அடுப்புக்குப் பக்கத்திலேயே, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் உயிரோடு இல்லையா, இல்லை அந்த வீடு அவனை எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டதா என்று வாய்விட்டுக் கேட்க எங்களுக்குத் துணிவில்லை. அன்றைக்கு அந்த வீட்டுப் பொங்கலை யாரும் கேட்டு வாங்கவில்லை.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி கண்மாய்க்கரை ஓரம் இருக்கிறது. அதில் மூன்று நர்ஸ்கள். பொங்கலுக்கு யார் டியூட்டி பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது மற்ற இருவரும், "உனக்கென்ன செண்பகம், நீ ஒத்தை ஆளு. எங்களுக்குக் குடும்பம் இருக்குல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அப்படித் தங்கினவள்தான் செண்பகவல்லி. அவளுக்கும் குடும்பம் இருந்தது. கழுகுமலைக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் புருஷன் வீடு. புருஷன் ராசகோபால் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். எட்டு வயது மகள் நிவிதா அந்த வீட்டில்தான், ராசகோபாலின் அக்கா தங்கபுஷ்பத்தின் வளர்ப்பில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாமல் அங்கன்வாடியில் வேலை பார்த்துத் தம்பியை ஆளாக்கியவள் தங்கபுஷ்பம். தம்பி போனதிலிருந்து செண்பகவல்லியிடம் போனில் பேசுவது இரண்டே வாக்கியம். "பிள்ளை நல்லாருக்கா. வச்சிரட்டா?" நாலு வருஷத்தில் அவள் இவளை வா என்றும் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. வீட்டுக் கார்டை மாற்றியபோது தன் பெயரை வைத்தார்களா எடுத்தார்களா என்பதுகூட இவளுக்குத் தெரியாது. அந்த வீட்டில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்கப் பயந்துகொண்டு, லீவு கிடைத்தால் போவதும், விருந்தாளி மாதிரி ஒரு ஓரமாகப் படுத்து எழுந்து வருவதுமாக இருந்தாள். இதெல்லாம் பின்னால் அவளே எங்களிடம் சொன்னது.

ஒன்பதரை மணிக்கு, பால் பொங்காத வீட்டுக்காரி செல்லத்தாயியின் புருஷனுக்குத் தலை சுற்றியது. சர்க்கரை வியாதிக்காரர், மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் வந்த வினை. ஆள் ஓடிப்போய்ச் சொல்ல, செண்பகவல்லி பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, நாடி பிடித்துப் பார்த்து, அவர் கண் திறந்து பேசியதும் எழுந்து அடுப்பு ஓரமாக நின்றாள். செல்லத்தாயி காலையிலிருந்து ஊதி ஊதிக் கண் சிவந்து, பாதி மயக்கத்தில் இருந்தாள். அவள் மகள் ரேவதிதான் திருப்பூரில் இருப்பவள். புகை திரும்பி அடித்தபோது நிமிர்ந்து பார்க்காமலே செல்லத்தாயி சொன்னாள்.

"தள்ளி நில்லு ரேவதி, மூஞ்சில புகை அடிக்குது பாரு."

பால் பொங்கி வழிந்தது. கிழக்குப் பக்கமாக, நல்ல பக்கமாகவே வழிந்து, அடுப்பில் சொய்யென்று விழுந்தது. குலவை போட மறந்து எல்லோரும் நர்ஸையே பார்த்தோம். செல்லத்தாயிக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் புரிந்தது. "மன்னிச்சுக்கத்தா, வாய்தவறிச் சொல்லிப்புட்டேன்" என்றாள். செண்பகவல்லி, "பரவாயில்லம்மா, அரிசியப் போடுங்க" என்றாள்.

அதற்கப்புறம் ஊர் சும்மா இருக்குமா. முதலில் நாங்களே ஒருவருக்கொருவர் நின்று பார்த்தோம். மேல வீட்டுப் பையன் கீழ வீட்டில் போய் நின்றான், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பால் அசையவில்லை. உள்ளூர்ச் சம்பந்தி நின்றாள், அசையவில்லை. மிட்டாய் விற்க வந்தவனை இழுத்து நிறுத்தினோம். அவன் ஊர் பக்கத்து ஊர், இரண்டு மைலில் வீடு, மத்தியானம் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறவன். அவனுக்கும் அசையவில்லை. நர்ஸ் நின்றால் மட்டுமே பொங்கியது. ஏனென்று கேட்கிற நேரமா அது? சந்தானம் கோயில் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் அவுக அவுக வாசல்லயே இருங்க. நர்ஸம்மா வரிசையா வருவாக. யாரும் கையப் பிடிச்சு இழுக்கக் கூடாது. கைப்பிள்ளைக்காரி வீடு முதல்ல" என்று அறிவித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்குப் பால் எடுத்துத் தருகிற மாதிரி, ரேஷனில் சீனி போடுகிற மாதிரி, ஒரு மணி நேரத்தில் எங்களுக்கு அது பழகிப்போயிற்று.

இப்படி அந்தப் பொங்கலை, பிறந்த வீடும் இல்லாமல் புகுந்த வீடும் இல்லாமல், எங்கள் முப்பத்திரண்டு வீட்டு வாசலில் கழித்தாள் செண்பகவல்லி. ஒரு வீட்டில் அவள் துப்பாக்கி பிடிக்கும் சேதுபதியாக நின்றாள், ஒரு வீட்டில் டீ ஆற்றும் பாண்டியாக, ஒரு வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் கார்த்திகாவாக. இரட்டைப் பிள்ளைகள் ஹாஸ்டலில் இருந்த வீட்டில், ஒரு தடவை நின்று, ஒதுங்கிப் போய், மறுபடி வந்து நின்றாள். பெயரைச் சொன்னதோடு யாரும் விட்டுவிடவில்லை. சொல்ல இருந்ததையெல்லாம் சொன்னார்கள். சேதுபதியின் அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "குளிருக்குப் போர்வை பத்துதாப்பா?" என்று கேட்டார். "பத்துதுப்பா" என்றாள் அவள். பாண்டியின் அம்மா, "ஏன்டா போன் போட்டா எடுக்க மாட்டேங்கிற? நான் என்ன உன் சோத்தையா கேக்குறேன்?" என்று அழுதாள். "எடுக்கிறேம்மா, இனிமே எடுக்கிறேன்" என்றாள். அவள் பொய் சொல்கிறாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு வாசலிலும் பால் பொங்கிற்று, அவளுக்கு ஒரு வாய்ப் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள், அவள் வாங்கித் தூக்குவாளியில் போட்டுக்கொண்டாள். ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லை என்பதை நாங்கள் கவனிக்கவில்லை.

நடுவில் சந்தானம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். கெட்ட எண்ணம் கிடையாது, கணக்குச் சொல்கிற பழக்கம்.

"ஏன்த்தா, ஒங்க பேரு எந்தக் கார்டுல இருக்கு?"

"தெரியலண்ணே."

"அதான் விசயம். ஒரு பானையில பேரு உள்ள ஆளு இன்னொரு பானைக்கு ஆகாது. எந்தப் பானையிலயும் பேரு இல்லாத ஆளாத்தான் இருக்கணும். அதனாலதான் நீங்க எங்க நின்னாலும் பொங்குது."

செண்பகவல்லி அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு, இங்கே பொங்கப் பொங்க, அங்கே கழுகுமலைக்கு மேற்கே காலையிலேயே பொங்கி முடிந்திருக்கும் என்று உறுதியாகிக்கொண்டே வந்தது. நர்ஸ் கோட்டுப்பையில் போன் இருந்தது. கேட்டால் தெரிந்துவிடும் என்பதால் கேட்காமல் இருந்தாள்.

கடைசியில் மாயழகு வீடு மட்டும் பாக்கி. மணி மூன்று. மாயழகு நர்ஸ் வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். "என் வீட்டுல எல்லாரும் இருக்கம். விறகு ஈரம், அம்புட்டுத்தான்." விறகை மாற்றினார், அடுப்புக்கல்லை மாற்றினார், பானையையே மூன்று தடவை மாற்றினார். அவருக்கு ஒரு மகள் இருந்தாள். பதினொரு வருஷத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனோடு கோயமுத்தூருக்குப் போய்விட்டாள். கார்டில் அவள் பெயரை அடித்ததும், அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று வைத்ததும் மாயழகுதான். அவர் மனைவி இருளாயி அந்தப் பதினொரு வருஷமும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. வேறு பேச்சும் அதிகம் பேசவில்லை. சந்தானத்தின் கணக்குப்படி அந்த வீட்டில் காலையிலேயே பொங்கியிருக்க வேண்டும். கார்டைப் பார்க்காமல் பால் வேறு எதையோ பார்க்கிறது என்பது அந்த வாசலில்தான் எங்களுக்குத் தெளிவாயிற்று.

ஊரே தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க, செண்பகவல்லி யாரையும் கேட்காமல் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். பால் விளிம்புவரை ஏறிற்று. வழியாமல், இறங்காமல், அப்படியே நின்றது. இருளாயி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. புருஷனைப் பார்த்தாள். மாயழகு விறகைத் தள்ளுவதுபோல் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார், புகை என்று சொல்லிக்கொண்டார், மறுபடி துடைத்தார்.

"முத்துராக்கு" என்றார்.

பால் குபுகுபுவென்று நாலு பக்கமும் வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. இருளாயி குலவை போட்டாள். எங்கள் ஊரில் அப்படி ஒரு குலவையை நாங்கள் கேட்டதில்லை, பதினொரு வருஷத்துச் சத்தமும் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது. நாங்கள் எல்லோரும் அழுதோம், சந்தானம் உட்பட. மாயழகு மட்டும் அழாமல், நர்ஸைப் பார்த்து, "இருந்து சாப்பிட்டுப் போத்தா" என்றார். அதை முத்துராக்கிடம் சொன்னாரா செண்பகவல்லியிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

இருளாயி இலை போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து, அன்றைக்கு நாற்பத்தெட்டு வீட்டில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றாததைக் கேட்டாள்.

"ஒங்க வீட்டுல பொங்கிருச்சாத்தா?"

செண்பகவல்லி கை இலையில் நின்றது. "தெரியலம்மா. கேக்கப் பயமா இருக்கு."

"கேளு" என்றாள் இருளாயி. "கேக்காம இருந்து நான் பட்டது போதும்."

எங்கள் ஊரில் தண்ணீர்த்தொட்டிப் படியில் ஏறி நின்றால்தான் போனில் டவர் கிடைக்கும். பொழுது சாய்கிற நேரத்தில் ஏறி நின்று கூப்பிட்டாள். தங்கபுஷ்பம்தான் எடுத்தாள்.

"மதினி, பால் பொங்கிருச்சா?"

"பொங்கியாச்சு. காலையிலயே பொங்கியாச்சு, சாப்பிட்டும் ஆச்சு. நீ ஒழுங்கா டியூட்டியப் பாரு. வச்சிரட்டா?"

வைத்துவிட்டாள். செண்பகவல்லி படியிலேயே உட்கார்ந்தாள். முப்பத்திரண்டு வீட்டில் காத்திருந்த பால் அந்த ஒரு வீட்டில் காத்திருக்கவில்லை. சந்தானம் சொன்னது சரிதான். அவள் அழவில்லை என்று சொன்னாள், நாங்கள் நம்பவில்லை. கீழே நின்ற எங்களுக்கு அவள் முதுகுதான் தெரிந்தது, அது குலுங்கிற்று.

கால் மணி கழித்து அதே நம்பரிலிருந்து போன் வந்தது. குசுகுசுவென்று பிள்ளைக் குரல்.

"அம்மா, நான் நிவிதா. அத்தை கொல்லைக்குப் போயிருக்கு. அத்தை பொய் சொல்லுதும்மா. இங்க பால் பொங்கவே இல்ல. காலையில இருந்து அடுப்புக்குப் பனையோலை வச்சுக்கிட்டே இருக்கு. எனக்கு மட்டும் ரஸ்க் குடுத்துச்சு, அது ஒண்ணுமே சாப்பிடல."

"ஏன்டா பொய் சொல்லுச்சு?"

"'சொன்னா உங்கம்மா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவா, வேலைக்கு ஆபத்து வந்துரும்'னு சொல்லுச்சு. அப்புறம் அடுப்புக்கிட்ட உக்காந்து, 'அவ வந்துருவா, பொறு'ன்னு பால்கிட்ட சொல்லுச்சும்மா. நான் சொன்னேன்னு சொல்லிராத."

செண்பகவல்லி படியிலிருந்து இறங்கி வந்தபோது எங்களுக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. சந்தானம் தன் கணக்கைத் திருத்திக்கொண்டார். "தப்பாச் சொல்லிப்புட்டேன்த்தா. ஒரு வீட்டுல இல்லாத குறையா இருக்கிற ஆளுதான் இன்னொரு வீட்டுக் குறையில நிக்க முடியும் போல." அவள் தூக்குவாளியைத் திறந்து, முப்பத்தொரு வீட்டுப் பொங்கலையும் பார்த்தாள். மூடிவிட்டாள். மாயழகு வீட்டு இலையில் வைத்த சோறும் அப்படியேதான் இருந்தது. மதினி சாப்பிடாமல் இருக்கையில் தான் எப்படிச் சாப்பிடுவது என்றாள். இருளாயி வற்புறுத்தவில்லை.

மறுநாள் மாட்டுப்பொங்கல். காலை எட்டு மணிக்கு அடுத்த நர்ஸ் வந்து பொறுப்பேற்றதும், மாயழகு தன் மொபெட்டைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். வேட்டி சலவையாக இருந்தது, ஹேண்டில்பாரில் ஒரு மஞ்சள்பை தொங்கியது. அவளைப் பின்னால் உட்காரவைத்துப் பரமக்குடிவரை கொண்டுவந்து விட்டார். பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, கீழே நின்று கேட்டார்.

"கோயமுத்தூர் பஸ் எந்தப் பக்கம் நிக்கும்த்தா? நான் அங்கிட்டுப் போனதில்ல."

அவள் கை காட்டினாள். மஞ்சள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் அந்தப் பக்கம் நடந்தார்.

பண்டிகை நாள், பஸ் குறைவு. அருப்புக்கோட்டையில் ஒரு மணி நேரம், கோவில்பட்டியில் ஒன்றரை மணி நேரம் நின்று நின்று, கழுகுமலை தாண்டி அவள் ஊர்த் தெருமுனையில் பஸ் நின்றபோது மத்தியானம் இரண்டரை. ஒரு கையில் பை, ஒரு கையில் தூக்குவாளியோடு இறங்கினாள். அங்கிருந்து வீடு தெரியாது. நடுவில் ஒரு தீப்பெட்டி ஆபீஸும் ஒரு வளைவும் இருக்கின்றன. வருகிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை. இரண்டு காலும் தரையில் பட்டு, பஸ் இன்னும் கிளம்பாமல் உறுமிக்கொண்டிருந்தபோதே, வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து "பொங்கலோ பொங்கல்" என்று ஒரு சின்னக் குரல் மட்டும் உரக்கக் கத்துவது கேட்டது. அதைத் தொடர்ந்து, நாலு வருஷமாகப் பழக்கம் விட்டுப்போன ஒரு குலவை, தடுமாறி, பிறகு நிமிர்ந்து ஒலித்தது. அவள் தெருவில் நின்றுவிட்டாள்.

தங்கபுஷ்பம் அப்போது சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. மகள்தான் பிறகு அவளிடம் சொன்னாள், அவள் எங்களிடம் சொன்னாள். முப்பது மணி நேரம் ஓலை வைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், வழிகிற பாலில் அரிசியைப் போட்டுக்கொண்டே தங்கபுஷ்பம் சொன்னாளாம்.

"கத்தினது போதும் நிவிதா. போய் மூணு இலை அறுத்துட்டு வா. உங்கம்மா பஸ்ஸ விட்டு இறங்கிட்டா."